நாட்டின் பெயரைச் சேமிக்காதீர்கள், குறியீட்டைச் சேமியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் புதுப்புதுச் செயலிகளைப் பற்றி நிறைய வருகிறது, விடாமல் படிக்கிறேன். ஆனால் அந்தச் செயலிகளுக்கு அடியில் கிடக்கிற தரவைப் பற்றி, அதிலும் கணக்குத் தொடங்கும்போது, டிக்கெட் போடும்போது, பணம் அனுப்பும்போது என எல்லா இடத்திலும் கேட்கிற 'நாடு' என்ற அந்த ஒரு கட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. தரவுத்தளங்களோடுதான் என் வேலை. அந்தக் கட்டத்தை அலட்சியமாக வடிவமைத்ததால் வீணாகிற உழைப்பையும், அதனால் மனிதர்கள் படுகிற அவதியையும் பார்த்துப் பார்த்துதான் இதை எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நாட்டின் பெயரைத் தரவுத்தளத்தில் எழுத்தாகச் சேமிக்காதீர்கள். உலகம் ஒத்துக்கொண்ட குறியீட்டைச் சேமியுங்கள், பெயரைத் திரையில் காட்டும்போது மட்டும் எடுத்துப் போடுங்கள். சொந்தமாகக் குறியீடு உருவாக்கவும் வேண்டாம்.

பெயரைச் சேமித்தால் என்ன ஆகும்? ஒருவர் இலங்கை என்று எழுதுவார், அடுத்தவர் ஸ்ரீலங்கா என்பார், இன்னொருவர் சிறிலங்கா, பழைய ஆவணத்தில் சிலோன். நான்கும் ஒரே நாடு என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது, அது நான்கு நாடுகளாகத்தான் எண்ணும். அமெரிக்கா, யுஎஸ், யுஎஸ்ஏ, ஐக்கிய அமெரிக்கா, இதுவும் அதே கதைதான். பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்தால்கூட அது தனி நாடாகிவிடும். நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் பட்டியலையும் சரக்கு அனுப்பும் பட்டியலையும் இணைக்க முயன்றார்கள், ஒன்றில் பெயர் ஒரு மாதிரி, மற்றதில் வேறு மாதிரி, கடைசியில் ஆட்களை உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகக் கையால் பொருத்தினார்கள். பொருந்தாத வரிகளை ஒதுக்கி வைத்தார்கள். ஒதுக்கி வைத்த ஒவ்வொரு வரியிலும் காசு கட்டிவிட்டுக் காத்திருக்கிற ஒரு மனிதர் இருந்தார், அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாதது.

இதற்கான தீர்வு 1974இலேயே வந்துவிட்டது. ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பு வெளியிட்ட ஐஎஸ்ஓ 3166 என்ற தரம். இதில் ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டெழுத்துக் குறியீடு, மூன்றெழுத்துக் குறியீடு, மூன்று இலக்க எண் என மூன்று அடையாளங்கள் உண்டு. எழுத்துகள் ரோமன் எழுத்துகள், இங்கே அவற்றின் உச்சரிப்பைத் தமிழில் தருகிறேன். இந்தியாவுக்கு ஐஎன், ஐஎன்டி, 356. இலங்கைக்கு எல்கே, எல்கேஏ, 144. சிங்கப்பூரின் எண் 702, மலேசியாவின் எண் 458. எண்கள் ஐநா புள்ளியியல் பிரிவு பராமரிக்கிற எம்49 என்ற பட்டியலிலிருந்து வருபவை. இந்த எண்ணுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அது எந்த எழுத்துமுறையையும் சாராதது, தமிழில் வேலை செய்கிறவருக்கும் அரபியில் வேலை செய்கிறவருக்கும் 356 என்றால் 356தான்.

ஐநாவில் 193 உறுப்பு நாடுகள்தான் உள்ளன, ஆனால் இந்தப் பட்டியலில் இப்போது 249 பதிவுகள் இருக்கின்றன. கிரீன்லாந்து, ஹாங்காங், அண்டார்டிகா எல்லாமே தனித்தனியாக இருக்கும். இறையாண்மை உள்ள நாடா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. புள்ளிவிவரத்திலும் தபாலிலும் சரக்கிலும் தனியாகக் குறிப்பிட வேண்டிய தேவை இருக்கிறதா என்பதுதான் கணக்கு. இது புரியாமல், 'நாடுகள் 193தானே' என்று சொந்தப் பட்டியல் தயாரிக்கிறவர்கள் மிச்சமுள்ள இடங்களில் வாழ்கிற மக்களைப் படிவத்திலிருந்தே நீக்கிவிடுகிறார்கள்.

இது ஏதோ நிபுணர்களுக்குள் சுற்றுகிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். இணைய முகவரியின் கடைசியில் வருகிற இரண்டெழுத்து நாட்டு முகவரிகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்தவை. நாணயக் குறியீடான ஐஎன்ஆரில் முதல் இரண்டெழுத்து ஐஎன், எல்கேஆரில் எல்கே. பல நாடுகளில் புழங்கும் ஐபேன் வங்கிக் கணக்கு எண் நாட்டுக் குறியீட்டோடுதான் தொடங்குகிறது. செல்போனில் நீங்கள் அனுப்புகிற தேசியக் கொடிப் படம்கூட உள்ளே இரண்டு எழுத்துகளின் சேர்க்கைதான். ஆக, சொந்தக் குறியீடு வைத்துக்கொள்கிறவர் இவ்வளவு அமைப்புகளோடும் பேசும்போது ஒவ்வொரு முறையும் மொழிபெயர்ப்பு அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டும், அந்த அட்டவணையை யாராவது காலம் முழுக்கப் பராமரிக்கவும் வேண்டும். யாரும் பராமரிப்பதில்லை.

சரி, குறியீடு என்றால் நாட்டுப் பெயரின் முதல் இரண்டு எழுத்துதானே என்று ஊகித்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து ஊகிக்காதீர்கள். சிஎச் என்பது சீனா இல்லை, சுவிட்சர்லாந்து. சீனாவுக்கு சிஎன். ஏயூ ஆஸ்திரேலியா, ஏடி ஆஸ்திரியா. என்இ என்றால் நைஜர், என்ஜி என்றால் நைஜீரியா. கினியா என்ற பெயரைத் தாங்கிய நாடுகள் மட்டுமே நான்கு. காங்கோ இரண்டு. கொரியா இரண்டு. பிரிட்டனுக்கு ஜிபிதான் அதிகாரபூர்வக் குறியீடு, யூகே என்பது வேறு யாருக்கும் போய்விடாதபடி ஒதுக்கி மட்டும் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவலகங்களோ பிரிட்டனுக்கு யூகே என்றும், ஜிஆர் என்று இருக்க வேண்டிய கிரீஸுக்கு இஎல் என்றும் எழுதுகின்றன. இதெல்லாம் நினைவிலிருந்து எழுதுகிற சமாச்சாரமே இல்லை, பட்டியலைத் திறந்து பார்த்துதான் எழுத வேண்டும்.

ஊகத்தைவிட ஆபத்தானது, வேறொரு பட்டியலை இதுதான் அது என்று நம்பிவிடுவது. ஒலிம்பிக்கில் பதக்கப் பட்டியலில் வருகிற மூன்றெழுத்து வேறு, ஐஎஸ்ஓ மூன்றெழுத்து வேறு. ஒலிம்பிக்கில் மலேசியா எம்ஏஎஸ், இங்கே எம்ஒய்எஸ். ஒலிம்பிக்கில் இலங்கை எஸ்ஆர்ஐ, ஜெர்மனி ஜிஇஆர், இங்கே எல்கேஏ, டிஇயூ. அமெரிக்க அரசு ஒரு காலத்தில் ஃபிப்ஸ் 10-4 என்று தனிப் பட்டியல் வைத்திருந்தது, 2008இல் அதைக் கைவிட்டுவிட்டது, ஆனாலும் அந்தக் குறியீடுகள் போட்ட பழைய கோப்புகள் இன்னும் புழங்குகின்றன. அதில் ஏயூ என்றால் ஆஸ்திரியா! சிஎச் என்றால் சீனா! அந்தக் கோப்பை ஐஎஸ்ஓ என்று நினைத்து ஏற்றினால் இப்படிப்பட்ட குறியீடுகளுக்கு எந்த எச்சரிக்கையும் வராது, அவை செல்லுபடியாகும், நாடு மட்டும் மாறியிருக்கும். பிழைச் செய்தி வந்தால் திருத்திவிடலாம். பிழையே இல்லாதது போல உள்ளே போய் உட்காருகிற தவறை யார் கண்டுபிடிப்பது? அதனால்தான் சொல்கிறேன், குறியீட்டை மட்டும் வைத்தால் போதாது, எந்தப் பட்டியலின் குறியீடு என்பதையும் கோப்போடு சேர்த்து எழுதி வையுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் பெரும்பாலானவர்கள் யோசிக்காத பகுதி. நாடுகள் மாறுகின்றன, குறியீடுகளும் மாறுகின்றன, சில குறியீடுகள் கை மாறியும் இருக்கின்றன. எஸ்கே என்பது இன்று ஸ்லோவாக்கியா. அதே எஸ்கே ஒரு காலத்தில் சிக்கிமுக்கு இருந்தது, 1975இல் சிக்கிம் இந்தியாவோடு இணைந்ததும் அது விலக்கப்பட்டது. ஜிஇ ஒரு காலத்தில் கில்பர்ட் மற்றும் எல்லிஸ் தீவுகள், சோவியத் யூனியன் உடைந்த பிறகு அது ஜார்ஜியாவுக்குப் போனது. எல்லாவற்றையும்விட மோசமானது சிஎஸ். 1993இல் இரண்டாகப் பிரியும் வரை அது செக்கோஸ்லோவாக்கியா. பத்தே வருடத்தில், 2003இல், அதே சிஎஸ்ஸை செர்பியா மற்றும் மாண்டினீக்ரோவுக்குக் கொடுத்தார்கள். 2006இல் அந்த நாடும் பிரிந்தது. இப்போது ஒரு பழைய ஆவணத்தில் 'பிறந்த நாடு: சிஎஸ்' என்று மட்டும் இருந்தால் அந்த மனிதர் எங்கே பிறந்தார் என்று சொல்லுங்கள் பார்ப்போம். பதிவு செய்த தேதி தெரியாமல் சொல்லவே முடியாது.

எழுத்துக் குறியீடும் எண் குறியீடும் மாறுகிற விதம் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள். எழுத்து நாட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டது, எண் நிலப்பரப்போடு ஒட்டிக்கொண்டது. பர்மா மியான்மர் ஆனபோது பியூ என்பது எம்எம் ஆனது, எண் 104 அப்படியே இருக்கிறது, ஏனென்றால் நிலம் மாறவில்லை. ஜயர் காங்கோ ஜனநாயகக் குடியரசானபோது இசட்ஆர் போய் சிடி வந்தது, எண் 180 மாறவில்லை. மறுபக்கம், 2011இல் தெற்கு சூடான் பிரிந்தபோது சூடானின் பெயரும் எஸ்டி என்ற எழுத்தும் அப்படியே நின்றன, எண் மட்டும் 736இலிருந்து 729 ஆனது. எரித்ரியா பிரிந்ததும் எத்தியோப்பியாவின் எண் 230 போய் 231 வந்தது. இரு ஜெர்மனிகளும் இணைந்தபோது 280 என்ற மேற்கு ஜெர்மனியின் எண் போய் 276 வந்தது, டிஇ மாறவில்லை. மக்கள்தொகை, விளைச்சல், நோய் என்று பல ஆண்டுகளின் புள்ளிவிவரத்தை ஒப்பிடுகிறவர்களுக்கு இது உயிர்நாடி. எஸ்டி என்ற ஒரே எழுத்தை வைத்து 2010ஐயும் 2012ஐயும் ஒப்பிட்டால் சூடானில் திடீரென்று மக்கள் குறைந்துபோனது போலத் தெரியும். எண்ணை வைத்திருந்தால் இவை இரண்டு வெவ்வேறு நிலப்பரப்புகள் என்று அட்டவணையே காட்டிக்கொடுத்துவிடும்.

இல்லாமல் போன நாடுகளுக்கும் அந்தத் தரத்தில் இடம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 3166இன் மூன்றாம் பகுதி முழுக்கப் புழக்கத்திலிருந்து விலகிய நாட்டுப் பெயர்களுக்குத்தான், நான்கெழுத்துக் குறியீடு. சோவியத் யூனியன் எஸ்யூஎச்எச், கிழக்கு ஜெர்மனி டிடிடிஇ. பிறந்த நாடு என்று கேட்கிற எந்தப் படிவத்துக்கும் இந்தப் பகுதி அவசியம். இன்றைய நாடுகளை மட்டும் வரிசையாகக் காட்டி, கட்டாயம் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்கிற படிவம், அந்த மனிதரைத் தன் பிறப்பைப் பற்றிப் பொய் சொல்ல வைக்கிறது. கடவுச்சீட்டுக்கான விதிகளை வகுத்தவர்கள் இதைவிட ஒரு படி மேலே யோசித்திருக்கிறார்கள். இயந்திரம் படிக்கிற அந்தக் கீழ் வரிகளில் குடியுரிமை என்ற இடத்தில் நாடற்றவர்களுக்கு எக்ஸ்எக்ஸ்ஏ, அகதிகளுக்கு எக்ஸ்எக்ஸ்பி என்று குறியீடு வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டுக்கும் குடிமகன் அல்லாத ஒருவருக்கும் படிவத்தில் ஒரு இடம் உண்டு என்று யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் அல்லவா, அந்த அக்கறை நாம் எழுதுகிற மென்பொருளில் ஏன் இருக்கக் கூடாது? எத்தனையோ இணையப் படிவங்களில் நாடு தேர்வு செய்யாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது.

குறியீட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் கருவிகள் காலை வாரும். நமீபியாவின் குறியீடு என்ஏ. தரவு ஆய்வுக்குப் பலரும் பயன்படுத்துகிற ஆர் மொழியும், பைதானின் பாண்டாஸ் நூலகமும், நாம் தனியாகச் சொல்லாவிட்டால், கோப்பைப் படிக்கும்போது என்ஏ என்றால் 'மதிப்பு இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். ஒரு நாடே ஆய்விலிருந்து காணாமல் போகும், யாரும் கவனிக்காமலேகூட முடிவுகள் வெளியாகலாம். நார்வேயின் குறியீடு என்ஓ. அமைப்புக் கோப்புகளுக்குப் பயன்படுகிற யாம்ல் என்ற வடிவத்தின் 1.1 பதிப்பில் மேற்கோள் குறி இல்லாமல் அதை எழுதினால், இல்லை என்ற தர்க்க மதிப்பாக மாறிவிடும். எண் குறியீட்டுக்கும் ஒரு ஆபத்து உண்டு, ஆப்கானிஸ்தான் 004, ஆஸ்திரேலியா 036, வங்கதேசம் 050, பூட்டான் 064. எக்செல் போன்ற விரிதாளில் திறந்து சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய் 4, 36, 50, 64 என்று நிற்கும். ஆகவே இது எண் போலத் தெரிந்தாலும் எழுத்தாகத்தான் சேமிக்க வேண்டும், இதை வைத்து யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. இந்தத் தொல்லைகளைச் சொல்லிக் குறியீடே வேண்டாம் என்பவர்களும் உண்டு. இவை தெரிந்த தொல்லைகள், மருந்தும் தெரியும். பெயரைச் சேமித்தால் வருகிற தொல்லைக்கு எல்லையே கிடையாது.

நாட்டுக்குக் கீழே மாநிலம், மாகாணம், மாவட்டம் என்று இறங்கினால் இன்னும் கவனம் வேண்டும். சிஏ என்றால் கனடாவா கலிபோர்னியாவா? டிஇ ஜெர்மனியா டெலவேரா? ஐஎன் இந்தியாவா இந்தியானாவா? அதனால்தான் தரத்தின் இரண்டாம் பகுதியில் எப்போதும் நாட்டுக் குறியீட்டை முன்னால் போட்டு, ஒரு சிறுகோடு போட்டு, பிறகு உட்பிரிவைச் சொல்கிறார்கள். கலிபோர்னியா யூஎஸ்-சிஏ. இடம் மிச்சம் என்று முன்பாதியை வெட்டாதீர்கள். இலங்கையில் வட மாகாணம் எல்கே-4, அதற்குள் இருக்கிற யாழ்ப்பாண மாவட்டம் எல்கே-41, இரண்டு மட்டமும் ஒரே பட்டியலில் வருகின்றன, எது எதற்குள் அடங்கியது என்று தெரியாமல் இரண்டையும் கூட்டினால் மக்களை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். இவை நாட்டுக் குறியீடுகளைவிட அடிக்கடி மாறவும் செய்கின்றன. ஒடிசா என்று பெயர் மாறியது 2011இல், ஐஎஸ்ஓ பட்டியலில் ஐஎன்-ஓஆர் போய் ஐஎன்-ஓடி வந்தது 2023இல்தான், அதே நேரத்தில் உத்தராகண்டும் யூடியிலிருந்து யூகேவுக்கு மாறியது. நார்வேயில் 2020இல் பல மாவட்டங்களை இணைத்தார்கள், 2024இல் அவற்றில் சிலவற்றை மறுபடி பிரித்துவிட்டார்கள். எனவே ஒவ்வொரு குறியீட்டுக்கும் 'எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை' என்று இரண்டு தேதிகள் அட்டவணையில் இருக்க வேண்டும். பழைய குறியீட்டை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவது வேண்டவே வேண்டாம், பழைய பதிவுகள் அநாதையாகிவிடும்.

ஆசியா, ஐரோப்பா, தெற்காசியா போன்ற பெரிய பிராந்தியங்களை ஆளாளுக்கு ஒரு மாதிரி வகுக்கிறார்கள். எம்49 பட்டியலில் ஆசியா 142, ஐரோப்பா 150, ஆப்பிரிக்கா 002, தெற்காசியா 034. அதன்படி ஈரான் தெற்காசியாவில் வருகிறது, சைப்ரஸ் மேற்கு ஆசியாவில் வருகிறது. நீங்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், தப்பில்லை, ஆனால் 'தெற்காசியாவில் இவ்வளவு' என்று ஒரு எண்ணைப் போடும்போது எந்த வகுப்பின்படி என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணை வேறு எதோடும் ஒப்பிட முடியாது.

அரசியல் கேள்வி ஒன்று எப்போதும் வரும், குறியீடு கொடுத்தால் அங்கீகாரம் கொடுத்ததாகுமா என்று. ஆகாது. இணைய நாட்டு முகவரிகளை ஒதுக்கும் பணியைக் கவனித்த ஜான் போஸ்டல் 1994இல் எழுதிய ஆர்எஃப்சி 1591 என்ற இணைய நடைமுறை ஆவணம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. எது நாடு, எது நாடு அல்ல என்று முடிவு செய்வது எங்கள் வேலை அல்ல, அதற்கு ஐஎஸ்ஓ பட்டியல் இருக்கிறது என்பது அதன் நிலைப்பாடு. கொசோவோ அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் பயனாளர்கள் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிய இடத்திலிருந்து எக்ஸ்கே என்ற குறியீட்டைப் பலரும் அதற்குப் பயன்படுத்துகிறார்கள். தைவானுக்கு டிடபிள்யூ உண்டு, ஆனால் பட்டியலில் அதற்கு நேரே உள்ள பெயரைப் பற்றிப் பெரிய சர்ச்சையும் உண்டு. இங்கேதான் குறியீட்டையும் பெயரையும் பிரித்து வைப்பதன் பயன் தெரியும், சேமிப்பது குறியீடு, திரையில் என்ன பெயர் காட்டுவது என்பது தனி முடிவு, ஒன்றை மாற்ற மற்றதைத் தொட வேண்டியதில்லை.

தமிழர்களாகிய நமக்கு இதில் நேரடியான அக்கறை இருக்கிறது. மொழிக்கும் நாட்டுக்கும் தனித்தனிக் குறியீடு வைத்து இணைப்பதுதான் முறை. தமிழின் மொழிக் குறியீடு டிஏ. டிஏ-ஐஎன், டிஏ-எல்கே, டிஏ-எஸ்ஜி, டிஏ-எம்ஒய் என்று நான்கு நாடுகளின் தமிழையும் யூனிகோடு அமைப்பின் வட்டாரத் தரவுத் தொகுப்பு தனித்தனியாக வைத்திருக்கிறது. நாணயம், வாரத்தின் முதல் நாள், பத்து லட்சத்தை 10,00,000 என்று காட்டுவதா 1,000,000 என்று காட்டுவதா, இதையெல்லாம் இரண்டாம் பாதியை வைத்துத்தான் மென்பொருள் முடிவு செய்கிறது. மொழியைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் ஒரு நாட்டின் கொடியைப் போடுகிற பழக்கம் எவ்வளவு தவறு என்று இதிலிருந்தே விளங்கும். தமிழுக்கு எந்தக் கொடியைப் போடுவீர்கள்? அந்தத் தொகுப்பில் நாடுகளின் தமிழ்ப் பெயர்களும் இருக்கின்றன, அப்புறம் எதற்கு ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஒரு பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்ய வேண்டும்? குறியீட்டைக் கொடுத்தால் தமிழ்ப் பெயர் வந்துவிடும். பெயரில் குறை தெரிந்தால் அங்கேயே திருத்தம் முன்மொழியலாம், ஒரு இடத்தில் திருத்தினால் அதை எடுத்தாள்கிற எல்லா மென்பொருளுக்கும் போய்ச் சேரும்.

இதற்கெல்லாம் காசு தேவையில்லை. நாட்டுக் குறியீடுகளை மென்பொருளில் பயன்படுத்த ஐஎஸ்ஓ கட்டணம் கேட்பதில்லை, எம்49 பட்டியல் ஐநா இணையதளத்தில் திறந்தே கிடக்கிறது. மென்பொருள் வாங்குகிற அலுவலகங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தாலே பாதி வேலை முடிந்தது. மாணவர்களுக்குத் தரவுத்தளம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள், முதல் பயிற்சியிலேயே நாடு என்ற கட்டத்தை எழுத்துப் பெட்டியாக வைக்காமல் குறியீட்டு அட்டவணையோடு இணைக்கச் சொல்லிக்கொடுங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. நாடுவாரியாகப் பட்டியல் போட்டு நீங்கள் வெளியிடுகிற செய்திகளை மாணவர்களும் ஆய்வாளர்களும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அச்சில் இடம் போதாது, புரிகிறது. இணையப் பதிப்பில் அந்த அட்டவணைகளைப் போடும்போது நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் மூன்றெழுத்துக் குறியீட்டுக்கு ஒரு நெடுவரிசை சேருங்கள், எந்தப் பட்டியல், எந்தத் தேதியில் எடுத்தது என்று அடியில் ஒரு வரி போடுங்கள். பிராந்தியக் கணக்கு வந்தால் எந்தெந்த நாடுகளைச் சேர்த்தீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தரவுத்தளப் பணியில் உள்ள ஒரு வாசகர்